அடிமையும் ஒப்பந்தக் கூலியும்

ராயபுரம் கடற்கரையில் நின்றால் 1860 நினைவுக்கு வரும். அந்த அக்டோபரில்தான் 342 பேரோடு 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் காலனியான நேட்டாலுக்குக் கிளம்பியது.

அட்லாண்டிக் கடந்து போன ஆப்பிரிக்க அடிமை, சட்டத்தின் கண்ணில் ஒரு சொத்து. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. 1833-இல் பிரிட்டன் அடிமை முறையை ஒழித்தபோதுகூட 2 கோடி பவுண்டு இழப்பீடு எசமானர்களுக்குத்தான், அடிமைகளுக்கு ஒரு பென்னி இல்லை.

நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் ஆட்களுக்கு 5 வருட ஒப்பந்தம், மாதம் 10 ஷில்லிங். அவர்கள் பிள்ளைகள் யாருடைய சொத்தும் அல்ல. இந்த வித்தியாசம் பெரிது, மறுக்க மாட்டேன். ஆனால் அனுமதிச் சீட்டில்லாமல் கரும்புத் தோட்டத்தைத் தாண்டினால் தண்டனை. சரி, ஒப்பந்தம் முடிந்தால் விடுதலையா? 1895 சட்டத்தின் கீழ் வந்தவர் அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங்; மாதம் 10 ஷில்லிங் கணக்கில் அது ஆறு மாதச் சம்பளம்.