பல் கிளிப் வலி: ஐஸா, சூயிங் கம்மா, மெழுகா?

கிளிப் வலி என்று பொதுவாகச் சொன்னாலும் அது இரண்டு வலி. ஒன்று, பல் வேரைப் பிடித்திருக்கும் தசைநார் நசுங்குவதால் வருவது. கம்பி மாட்டிய சில மணி நேரத்தில் தொடங்கி, மறுநாள் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். மற்றது, பிராக்கெட் (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டு) உரசி உதட்டிலும் கன்னத்தின் உட்புறமும் வரும் புண். பலர் மருந்தை மாற்றிப் போட்டுவிட்டு ‘எதுவுமே கேட்கலை’ என்பார்கள்.

வேர் வலிக்குப் போட்டி ஐஸுக்கும் சூயிங் கம்முக்கும்தான். ஐஸைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் மேல் 10 நிமிடம் வைத்தெடுக்கலாம். கடிக்கக் கூடாது, பிராக்கெட் பெயர்ந்துவிடும். குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்திருப்பதில் இன்னொரு லாபம் உண்டு. தொடக்க மாதங்களில் பெரும்பாலும் போடுவது நிக்கல்-டைட்டானியம் கம்பி. அதில் வெப்பத்துக்கு விறைக்கும் வகை, குளிர் பட்டதும் தளர்ந்து பல்லை இழுப்பதைக் குறைக்கும். சூடான காபி அதற்கு நேரெதிர். ஸ்டீல் கம்பிக்கு இந்தக் கணக்கு செல்லாது. எப்படியானாலும் வாய் பழைய சூட்டுக்கு வந்ததும் வலி திரும்பிவிடும்.

சூயிங் கம் அதைவிட நீண்ட நேரம் கைகொடுக்கும் என்பது எங்கள் கணிப்பு. மெல்லும்போது நசுங்கிய தசைநாருக்கு ரத்த ஓட்டம் திரும்புவதே காரணம் என்கிறார்கள். ஐபுபுரூஃபன் வலி மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் வலியளவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிராக்கெட்டும் கூடுதலாகப் பெயரவில்லை. சர்க்கரை இல்லாததாக இருக்கட்டும். கம்பி மாட்டிய அன்றே, வலி ஏறுமுன் 10 நிமிடம் மெல்ல வேண்டும். மறுநாள் பல்லோடு பல் பட்டாலே உயிர் போகும்போது தொடங்கினால் யாராலும் மெல்ல முடியாது. அன்றைக்கு ஐஸும் குழைந்த ரசம் சாதமும்தான். தாடை மூட்டு வலி உள்ளவர்களுக்குக் கம் வேண்டாம்.

வலி குறைக்கும் என்று விற்கும் அதிர்வுக் கருவிக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்.

புண்ணுக்கு, கிளிப்புக்கென்றே விற்கும் மெழுகுதான் முதலிடம். பட்டாணி அளவு கிள்ளி உருட்டி, பிராக்கெட்டைப் பஞ்சால் துடைத்துவிட்டு அழுத்துங்கள். ஈரத்தில் ஒட்டினால் இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் சாதத்தோடு போய்விடும். வெந்நீர் உப்புக் கொப்பளிப்பு (ஒரு தம்ளருக்கு அரை டீஸ்பூன்) எரிச்சலைத் தணிக்கும், உரசலை நிறுத்தாது. கிராம்புத் தைலம் புண்ணில் பட்டால் இன்னும் எரியும்.

கடைவாயில் கம்பி முனை குத்தினால் எழுதும் பென்சில் ரப்பர் முனையைக் கழுவி, அதால் பல்லோடு மடக்கிப் பாருங்கள். மடங்காவிட்டால் மெழுகு வைத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். நகவெட்டியால் வெட்டினால் துண்டு தொண்டைக்குள் போகலாம்.