46 டெராபைட் என்று எழுதிக் கொடுத்தார்கள்: பிரைவேட் கிளவுட் போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள்

பிரைவேட் கிளவுட் (சொந்த சர்வர்களில் ஓடும் கிளவுட்) அமைக்கும் வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறீர்கள் என்றால், கடைசித் தவணைப் பணம் போவதற்கு முன் இந்தப் பதிவைப் படித்துவிடுங்கள். நாங்கள் பணத்தைக் கொடுத்த பிறகுதான் எல்லாவற்றையும் கண்டுபிடித்தோம். எட்டு மாதம் ஓடியது. ஒன்பதாவது மாதம் ஒரு மதியம், சர்வர்களுக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகளான எங்கள் 62 விர்ச்சுவல் மெஷின்களும் மொத்தமாக நின்றுபோயின. அவற்றில் பாதிக்கு மேல் அன்றைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

அமைத்துக் கொடுத்த நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. விவகாரம் வக்கீலிடம் இருக்கிறது. என்ன செய்தார்கள், அதை எங்கே பார்த்தால் தெரியும் என்பதைச் சொல்கிறேன். உங்களுக்குப் பயன்படப்போவது அதுதான்.

2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம், விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருளை விற்கும் விஎம்வேரை வாங்கி முடித்தது. டிசம்பரில் நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்று எல்லாம் சந்தாவுக்கு மாறியது. நடுத்தர அளவில் இருந்த பலரும் அப்போதுதான் வேறு வழி பார்க்க ஆரம்பித்தோம். 2024-ல், அதே வேலையைச் செய்யும் ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருளில், விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐயில் ஓடும் மெஷின்களை நேரடியாக இழுத்துக்கொள்ளும் வசதியும் வந்தது. அதையும், பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாக்கும் செஃப் ஸ்டோரேஜையும் வைத்து 3 நோடு கிளஸ்டர் (சேர்ந்து இயங்கும் மூன்று சர்வர்கள்), பொது கிளவுடில் ஒரு டிஆர் தளம் (பேரிடரில் கைகொடுக்கும் மாற்று இடம்), இரண்டையும் சேர்த்து ‘ஹைபிரிட்’ என்பதுதான் திட்டம். இந்த மென்பொருள்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. இப்போதும் அவற்றில்தான் ஓட்டுகிறேன். குறை முழுக்க அமைத்தவர்கள் செய்த வேலையில்.

கோட்டேஷனிலேயே பொய் இருந்தது. ஒரு நோடுக்கு 3.84 டெராபைட் எஸ்எஸ்டி நான்கு. மூன்று நோடுக்கும் சேர்த்து பன்னிரண்டு. மொத்தம் 46 டெராபைட். “இதுல 22 டெராபைட் உங்களுக்குத் தாராளமா கிடைக்கும் சார்” என்றார் விற்பனைக்கு வந்தவர். எழுத்திலும் கொடுத்தார்கள். இந்த இடத்தில் நீங்கள் ஒரு கணக்குப் போட வேண்டும். செஃப் இயல்பாக ஒவ்வொரு தகவலையும் 3 பிரதியாக வைக்கும். 46-ஐ மூன்றால் வகுத்தால் 15 சொச்சம். அதையும் விளிம்பு வரை நிரப்ப முடியாது. 85 சதவீதத்தில் எச்சரிக்கை கொடுக்கும், 95-ல் எழுதுவதையே நிறுத்திவிடும். ஆக, பயமில்லாமல் பயன்படுத்தக்கூடியது சுமார் 13 டெராபைட். அப்படியானால் 22 எங்கிருந்து வந்தது என்று நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதற்காக இன்னும் வருத்தப்படுகிறேன்.

ஐந்தாவது மாதம் ஒரு நாள் இரவு 1:10-க்கு மூன்று நோடுகளும் ஒரே சமயத்தில் தாமாக ரீபூட் ஆயின. காலையில் கூப்பிட்டேன். “கரண்ட் பிரச்சினையா இருக்கும் சார்” என்றார்கள். யுபிஎஸ் லாக்கை எடுத்துப் பார்த்தேன், அன்று இரவு முழுக்க மின்சாரம் ஒரு நொடிகூடப் போகவில்லை. அதே யுபிஎஸ்ஸில் இருந்த ஸ்விட்ச், நிறுவிய நாளிலிருந்து ஒரு தடவைகூட அணையவில்லை என்று காட்டியது. இதைச் சொன்னதும், “அப்போ கெர்னல் பக் சார், அப்டேட் வரும்” என்று பேச்சை மாற்றினார்கள்.

நடந்தது என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே தவறு எத்தனையோ இடங்களில் இருக்கும். நோடுகள் ஒன்றையொன்று உயிரோடு இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது கோரோசிங்க் வழியாக. அதில் போகிற தகவல் மிகக் குறைவு, ஆனால் தாமதத்தைத் தாங்காது. 5 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். அதனால் அதற்கென்று தனி நெட்வொர்க் போர்ட் கொடுக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். எங்கள் இடத்தில் கோரோசிங்க், செஃப், பேக்கப் மூன்றையும் ஒரே 10 ஜி (விநாடிக்கு 10 கிகாபிட்) இணைப்பில் ஓட்டியிருந்தார்கள். இரவு 1 மணிக்கு பேக்கப் தொடங்கியதும் அந்த இணைப்பு நிரம்பிவிட்டது. ஒரு நோடின் குரல் இன்னொன்றுக்குக் கேட்கவில்லை, குவோரம் (பாதிக்கு மேற்பட்ட நோடுகள் தொடர்பில் இருப்பது) போனது. ஹெச்ஏ மெஷின்கள் (நோடு போனாலும் வேறு நோடில் தாமாக எழ வேண்டியவை) ஓடுகிற நோடு குவோரம் இல்லாமல் 60 விநாடி இருந்தால் வாட்ச்டாக் என்ற கண்காணிப்பு டைமர் அதை ரீபூட் செய்துவிடும். ஒரே மெஷினை இரண்டு நோடுகள் இயக்கி அதன் டிஸ்க்கைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்கான காப்பு அது. மூன்றும் குவோரத்தை இழந்தால் மூன்றும் ரீபூட் ஆகும். காப்பு சரியாகத்தான் வேலை செய்தது.

ஒவ்வொரு சர்வரின் பின்பக்கமும் இரண்டு 1 ஜி போர்ட்கள், தொழிற்சாலையில் போட்ட ரப்பர் மூடியோடு அப்படியே இருந்தன. கோரோசிங்க்குக்கு அவையே தாராளம். அந்த ஆறு மூடிகளையும் நானே கழற்றி, ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்து இணைத்தேன். அரை நாள் வேலை. அதன் பிறகு ஒரு தடவைகூட அந்த ரீபூட் வரவில்லை. ஆனால் அந்த நிறுவனம் பேக்கப் நேரத்தை 1 மணியிலிருந்து 3 மணிக்கு மாற்றியதற்கு ‘பெர்ஃபார்மன்ஸ் ட்யூனிங்’ என்று தனியாக பில் அனுப்பியது.

அப்போது எனக்குச் சந்தேகம் தட்டியது. டிஸ்க்குகளைப் பார்க்க ஆரம்பித்தேன். கோட்டேஷனில் ‘என்டர்பிரைஸ் எஸ்எஸ்டி’ என்று இருந்தது. டிரேயின் முகப்பில் அவர்கள் நிறுவனத்தின் சொந்த ஸ்டிக்கர். ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை கொடுத்து மாடல் எண்ணை வாங்கினால், டெஸ்க்டாப்பில் போடுகிற ரகம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றால், சர்வருக்கான நல்ல எஸ்எஸ்டியில் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். மின்சாரம் போனாலும் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) இருப்பதை எழுதி முடிக்க அந்த சக்தி போதும். அதனால் அந்த டிஸ்க் “எழுதிவிட்டேன்” என்று உடனே பதில் சொல்லலாம். டெஸ்க்டாப் ரகத்தில் அது கிடையாது. ஒவ்வொரு சிங்க் எழுத்தையும் (நிலையாகப் பதிந்துவிட்டதா என்று உறுதி கேட்கும் பதிவு) ஃப்ளாஷில் இறக்கிய பிறகே பதில் சொல்ல முடியும். செஃப் எழுதுவதெல்லாம் அந்த வகை எழுத்துதான். எஃப்ஐஓ என்ற சோதனை மென்பொருளை வைத்து 4 கிலோபைட் அளவில், ஒன்றன்பின் ஒன்றாக, சிங்க் எழுத்தாகச் சோதித்தேன். விநாடிக்கு சில நூறுதான் வந்தது. முறையான டிஸ்க்காக இருந்தால் பல ஆயிரம் வர வேண்டும். அக்கவுண்ட்ஸில் இருந்தவர்கள் மாதக் கடைசியில் சாஃப்ட்வேர் தவழ்கிறது என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தார்கள், நான் டேட்டாபேஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிஸ்க் விஷயத்தை எழுத்தில் கேட்டேன். ஒரு வாரம் கழித்து, “தேவைக்கேற்பத் தேர்வு செய்யப்பட்டது” என்று ஒரு வரி பதில் வந்தது. மாற்றித் தரச் சொல்லி இரண்டு கடிதம் போட்டோம். அதற்குள் ஒன்பதாவது மாதம் வந்துவிட்டது.

அன்றைக்கு அவர்களுடைய எஞ்சினியர் ஒருவர் ஃபர்ம்வேர் (சர்வர் பாகங்களுக்குள் இருக்கும் மென்பொருள்) போடுவதற்காக இரண்டாவது நோடை அணைத்தார். இளம் பையன், நல்ல பையன்தான். மெஷின்களை மற்ற இரண்டு நோடுகளுக்கு நகர்த்திவிட்டு, முறைப்படிதான் அணைத்தார். 40 நிமிடம் ஆகியிருக்கும். மூன்றாவது நோடில் ஒரு எஸ்எஸ்டி செத்துப்போனது. மூன்று பிரதி இருந்திருந்தால், முதல் நோடில் இருக்கும் பிரதியைக் கொண்டு ஒன்றும் இழக்காமல் மீண்டிருக்கலாம். திரையில் பிஜிக்கள் (செஃப் தகவலைப் பிரித்து வைக்கும் தொகுப்புகள்) வரிசையாக ‘டவுன்’ என்று சிவப்பாகின. பையன் முகம் வெளிறிவிட்டது. பூல் (செஃபின் பொதுச் சேமிப்பிடம்) அமைப்பைத் திறந்து காட்டினார். சைஸ் (வைக்கும் பிரதிகளின் எண்ணிக்கை) 2, மின்-சைஸ் (மினிமம் சைஸ்) 1. பிறகு மெதுவாகச் சொன்னார்: “சார், நான் சேர்ந்தப்பவே இதை மாத்தணும்னு சொன்னேன். இடம் பத்தாதுன்னு விட்டுட்டாங்க.”

22 டெராபைட் வந்த வழி அதுதான். இயல்பாக இருக்கும் 3, 2 என்ற எண்களை 2, 1 என்று மாற்றி, எங்கள் தகவலின் மூன்றாவது பிரதியை எடுத்து, அந்த இடத்தை எங்களுக்கே கொள்ளளவு என்று விற்றிருக்கிறார்கள்.

மின்-சைஸ் 1 என்றால், ஒரே ஒரு பிரதி மிஞ்சினாலும் எழுத்தை ஏற்றுக்கொள் என்று அர்த்தம். இரண்டாவது நோடு அணைந்திருந்த அந்த 40 நிமிடத்தில், அதற்கும் மூன்றாவது நோடின் அந்த டிஸ்க்குக்கும் ஜோடியாக இருந்த பிஜிக்களுக்கான எழுத்தெல்லாம் அந்த ஒரு டிஸ்க்கில் மட்டும் போனது. அந்த டிஸ்க் போனதும் அந்த எழுத்தும் போனது. இரண்டாவது நோடைத் திரும்ப எழுப்பினால் அதில் 40 நிமிடம் பழைய பிரதி இருக்கிறது; அதை நம்பித் தொடர செஃப் மறுக்கிறது, மறுக்கத்தான் வேண்டும்.

“போனது பன்னிரண்டு டிஸ்க்கில் ஒன்றுதானே, சில மெஷின்களுக்குத்தானே பாதிப்பு இருக்கும்” என்று எங்கள் மேலாளர் கேட்டார். அப்படி இல்லை. ஒரு விர்ச்சுவல் டிஸ்க்கை செஃப் 4 மெகாபைட் துண்டுகளாக வெட்டி எல்லா பிஜிக்களிலும் தூவி வைக்கும். 200 ஜிபி டிஸ்க் என்றால் ஐம்பதாயிரம் துண்டுகள். சில பிஜிக்கள் போனால் கிட்டத்தட்ட ஒவ்வொரு மெஷினிலும் அங்கங்கே ஓட்டை விழும். 62-ம் நின்றதற்குக் காரணம் அதுதான்.

சரி, பேக்கப் இருக்கிறதே என்று போனோம். பேக்கப் சர்வரே ஒரு விர்ச்சுவல் மெஷின். அதன் டிஸ்க் இருந்தது அதே செஃப் பூலில். அதிலும் ஓட்டை. இதற்கு மேல் எனக்குக் கோபம் வரவில்லை, கை நடுங்கியது.

மிஞ்சியது ‘ஹைபிரிட்’ பகுதி. பொது கிளவுடில் தினமும் ஒரு பிரதி போய்ச் சேரும், அவசரத்தில் அங்கேயே மெஷின்களை எழுப்பலாம் என்று சொல்லியிருந்தார்கள். உள்ளே இருந்தது ஒரு ஐபிசெக் டனலும் (பாதுகாப்பான இணைப்பு) ஒரு ஸ்டோரேஜ் பக்கெட்டும் (கிளவுட் சேமிப்பிடம்) மட்டும். பக்கெட்டுக்கான அக்சஸ் கீ காலாவதியாகி ஏழு வாரம் ஆகியிருந்தது. தினமும் பிரதி தோல்வி, தினமும் எச்சரிக்கை மெயில், அத்தனையும் அவர்களுடைய மெயில் முகவரிக்கு மட்டும். ஒருவரும் திறக்கவில்லை. அந்த கிளவுட் கணக்கும் எங்கள் பெயரில் இல்லை, அவர்கள் பெயரில் இருந்தது. ஏழு வாரப் பழைய பிரதியை எடுத்துத் தர ‘டேட்டா ரெக்கவரி கட்டணம்’ கேட்டார்கள். எங்கள் தகவலை எங்களுக்குத் தர. வேறு வழியில்லாமல் கொடுத்தோம். 4 நாள் இறக்கினோம்.

அக்கவுண்ட்ஸில் மூன்று பேர், ஏழு வார பில்களைக் காகிதத்தைப் பார்த்து மறுபடி டைப் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்கள். இதை எழுத உட்கார்ந்ததற்கு முதல் காரணம் அவர்கள்தான்.

உங்களிடம் இதே மாதிரி கிளஸ்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், இன்றைக்கே பூல் விவரத்தைத் திறந்து சைஸ், மின்-சைஸ் இரண்டையும் பாருங்கள். பேக்கப் சர்வர் எந்த ஸ்டோரேஜில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். கிளவுட் கணக்கின் உரிமையாளர் யார், ரூட் பாஸ்வேர்டு யாரிடம், எச்சரிக்கை மெயில் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். ஒரு மெஷினையாவது வேறு பெயரில் ரெஸ்டோர் செய்து பூட் ஆகிறதா என்று பார்க்காமல் பேக்கப் இருக்கிறது என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: எங்கள் கண்முன் ஒரு நோடின் பவர் கேபிளைப் பிடுங்க வேண்டும், எல்லா மெஷின்களும் மற்ற இரண்டில் எழுந்த பிறகுதான் கடைசித் தவணை. இந்த ஒரு சோதனையில் பாதிப் பொய் வெளியே வந்துவிடும். எங்களுடையதில் இதைச் செய்திருந்தால் அன்றைக்கே மெமரி கணக்கும் உடைந்திருக்கும். நோடுக்கு 256 ஜிபி என்றால் மூன்றுக்கும் 768 என்று காட்டினார்கள். ஒரு நோடு போனால் மிஞ்சுவது 512. அதில் செஃப் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இயல்பாக 4 ஜிபி எடுக்கும், நோடுக்கு 16. மிச்சம் 480-ஐத் தாண்டாது. எங்கள் மெஷின்களுக்கு ஒதுக்கியிருந்தது 600; அவை அத்தனையையும் ஒரே சமயத்தில் கேட்டால் இடம் இல்லை. கோட்டேஷனில் இருந்த ‘192 கோர்’ கதையும் இதுதான். ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங்கில் வரும் த்ரெட்களையும் கோராக எண்ணியிருந்தார்கள், உண்மையில் 96.

டிஸ்க் மாடல் எண்ணைக் கோட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள். ‘என்டர்பிரைஸ்’ என்ற ஒற்றைச் சொல்லை ஏற்காதீர்கள்; எழுத மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது புது டிஸ்க்குகள் வாங்கி, மூன்று பிரதியோடு, நாங்களே கிளஸ்டரைத் திரும்பக் கட்டியிருக்கிறோம். பேக்கப் தனி சர்வரில் இருக்கிறது, இன்னொரு பிரதி வெளியே போகிறது. வக்கீல் நோட்டீஸுக்கு அவர்கள் இன்னும் பதில் போடவில்லை. பழைய கிளவுட் கணக்கை எங்கள் பெயருக்கு மாற்றித் தருகிறோம் என்று போன வாரம் ஒரு மெயில் மட்டும் வந்தது. அதோடு இணைத்திருந்த படிவத்தில், “சேவையில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை” என்ற வரிக்குக் கீழே கையெழுத்துக் கேட்டிருந்தார்கள். நாங்கள் போடவில்லை.