28,000 ரூபாய் முன்பணம் கட்டி அப்பாவை ஐசியுவில் சேர்த்த கதை

ஐசியு வராண்டாவுல உட்கார்ந்து டைப் பண்றேன். பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

அப்பாவுக்கு வாரம் ரெண்டு டயாலிசிஸ். ரத்தத்துல அஞ்சுக்குள்ள இருக்கவேண்டிய பொட்டாசியம் போன மாசம் 6.2 வந்துச்சு. பொட்டாசியம் அதிகம் இருக்கிற இளநீர், வாழைப்பழம், தக்காளி சூப் எதுவும் கூடாது, காயை நறுக்கி நிறைய தண்ணியில வேகவெச்சு அந்தத் தண்ணியைக் கொட்டிடணும்னு டாக்டர் கறாரா சொல்லிட்டார். நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. வீட்டுக்கு நர்ஸ் அனுப்புற ஒரு ஏஜென்சியைப் பிடிச்சோம். பேர் போடல, போட்டா கேஸ் போடுவாங்களாம். மாசம் 28,000 ரூபாய், மொத்தமும் முன்பணம்.

போன்ல பேசின அம்மா, நான் வாயைத் திறக்குறதுக்குள்ள "கடைசி பொட்டாசியம் எவ்வளவு சார்?"னு கேட்டாங்க. அந்த ஒரு கேள்வியில விழுந்துட்டேன். வந்த சிஸ்டர் சோப்பு போட்டுக் கை கழுவி, பிபி பார்த்து, நோட்டுல கோடு போட்டு எழுதினாங்க. "அப்பாடா"ன்னு அன்னைக்குத்தான் நிம்மதியா ஆபீஸ் போனேன். சர்டிஃபிகேட் கேட்கவே தோணல. எம்மேலயும் தப்பு இருக்கு.

ஒன்பதாம் நாள் அப்பாவுக்குக் கால் துவண்டு கட்டில்ல இருந்து எழுந்திரிக்க முடியல. ஈசிஜி பார்த்ததும் டியூட்டி டாக்டர் முகமே மாறிடுச்சு. பொட்டாசியம் 7.4. இதயம் நின்னுடாம இருக்க கால்சியம் ஊசி, அப்புறம் குளுக்கோஸோட இன்சுலின், நெபுலைசர், ராத்திரியோட ராத்திரியா டயாலிசிஸ்.

வீட்டுக்கு வந்து பார்த்தா, சோர்வா இருக்கார்னு சிஸ்டர் தினம் ஒரு இளநீர் கொடுத்திருக்காங்க. பிபிக்கு நல்லதுன்னு சோடியம் குறைஞ்ச உப்பு. அதுல சோடியத்துக்குப் பதிலா இருக்கிறதே பொட்டாசியம்தான்! பொட்டாசியத்தைக் குறைக்கக் கொடுத்த பவுடர் பாக்கெட்டெல்லாம் பிரிக்காம அப்படியே கிடக்கு. "மலச்சிக்கல் வந்துச்சு, நிறுத்திட்டேன்"னாங்க. கேட்டா, அவங்க படிச்சது மூணு மாசக் கோர்ஸாம். அந்தப் பொண்ணைத் திட்ட மனசு வரல. அனுப்பினவங்களைச் சொல்லணும்.

ஏஜென்சிக்குப் போன் போட்டேன். முதல்ல "மேடம் மீட்டிங்ல இருக்காங்க". அப்புறம் "இளநீர் உடம்புக்கு நல்லதுதானே சார்?" மூணாவது தடவை "வேற சிஸ்டர் அனுப்பட்டுமா?" ஒன்பது நாளுக்குக் கழிச்சுக்கிட்டு மீதியைக் கொடுங்கன்னா, "முன்பணம் திரும்பாது, ரசீது பின்னாடி போட்டிருக்கு." திருப்பிப் பார்த்தேன், எறும்பு சைஸ்ல போட்டிருக்கு. 28,000 ரூபாய் சார்! ஆஸ்பத்திரி பில் தனி.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுத நினைச்சேன், முடியல. நர்சிங் கவுன்சில் பதிவு எண் கேளுங்க. மொத்தப் பணத்தையும் முன்னாடி கட்டாதீங்க. கொடுக்கக் கூடாததை எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க, உப்பு பாக்கெட்டையும் பாருங்க. திடீர்னு கை கால் தளர்ந்தா காலையில பார்த்துக்கலாம்னு விட்டுடாதீங்க.

கூப்பிடறாங்க. ஆறு மணி ரத்த ரிப்போர்ட் வந்துடுச்சாம்.