8,000 ரூபாய்க்குள் ஆம்னியில் நல்ல சத்தம்: வத்தலக்குண்டில் ஒரு ஒற்றை ஷட்டர் கடை

மாருதி ஆம்னி வேன் வைத்திருப்பவர்களுக்கு அதன் இரைச்சலை நான் விளக்க வேண்டியதில்லை. என்ஜின் மேலேயே உட்கார்ந்துதான் ஓட்டுகிறோம். மாருதி 2019-இல் இதன் தயாரிப்பை நிறுத்திவிட்டாலும் கொடைக்கானல் பக்கம் இந்த வண்டிக்கு மவுசு குறையவில்லை. பெருமாள்மலையில் வீட்டிலேயே செய்யும் சாக்லேட்டையும் ஜாமையும் ஏற்றிக்கொண்டு கீழே வத்தலக்குண்டு, திண்டுக்கல் கடைகளுக்குப் போட்டுவிட்டு வருவது என் தொழில். திரும்பி ஏறும்போது இரண்டாம் கியரில் அந்த 796 சிசி என்ஜின் முக்கி முனகும். முந்தைய உரிமையாளர் கதவு அட்டையை அறுத்து வைத்திருந்த 4 அங்குல ஸ்பீக்கரில் பாடுவது ஆணா பெண்ணா என்றே தெரியாது. கொடைக்கானல் வானொலியான கோடைப் பண்பலையில் (100.5) செய்தி கேட்க வேண்டுமானால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும்.

புது ஸ்டீரியோவும் ஸ்பீக்கரும் போடக் கையில் வைத்திருந்தது 8,000 ரூபாய். அதைச் சொன்னதும் சமவெளியில் ஒரு பளபளப்பான கடையில் சிரித்தார்கள். பெரிய திரை, சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிபயர், அடிச்சத்தத்துக்கு (பேஸ்) பின்னால் உருளை மாதிரி ஒரு பெட்டி, எல்லாம் சேர்த்து 24,000 ஆகும் என்றார்கள். அதையும் என்னிடம் சொல்லவில்லை. துணைக்கு வந்த என் தம்பியிடம் சொன்னார்கள். வண்டி என் பெயரில் இருக்கிறது, பணமும் என் பையில் இருக்கிறது. வந்துவிட்டோம். அந்தப் பெட்டியைப் பின்னால் வைத்தால் என் சாக்லேட் அட்டைகளை மடியிலா வைத்துக்கொண்டு ஓட்டுவேன்?

வத்தலக்குண்டுக் கடை இதற்கு நேர்மாறு. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது. உட்கார ஒரு முக்காலிதான். ஆனால் கடைக்காரத் தம்பி முதலில் கேட்ட கேள்வியே சரியாக இருந்தது: “வண்டியில் என்ன கேட்பீர்கள் அக்கா?” பழைய பாட்டு, செய்தி, அவ்வளவுதான் என்றேன். “அப்படியானால் ஆம்ப்ளிபயர் வேண்டாம். முன்கதவுகளில் மட்டும் செலவு செய்யுங்கள்” என்றார். தன் வியாபாரத்தைத் தானே குறைத்துக்கொண்ட கடைக்காரரை அன்றுதான் பார்த்தேன்.

அவர் சொல்லித் தெரிந்துகொண்டதில் முக்கியமானது வாட் கணக்கு. ஸ்டீரியோ பெட்டியில் 50 வாட் என்று போட்டிருப்பது கணநேர உச்சம். தொடர்ந்து தருவது பெரும்பாலும் 20 வாட்டுக்கு அக்கம்பக்கம்தான். ஆகவே 300 வாட் என்று மிரட்டும் ஸ்பீக்கரை வாங்கி ஒரு பயனும் இல்லை. ஸ்பீக்கர் பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் டெசிபல் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்; அதே சக்தியில் ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பதை அதுதான் சொல்லும். அது 3 கூடினால், ஸ்டீரியோவின் சக்தியை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். அந்த எண் 90-க்கு மேல் இருந்த, 6 அங்குல ஜோடி ஒன்றை எடுத்துக்கொடுத்தார். காகிதக் கூம்பு உள்ளதை நான் கையில் எடுத்ததும் வாங்கி வைத்துவிட்டார். மலையில் கதவுக்குள் எப்போதும் ஈரம். கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் கதவுக்குள் புகுந்து அடித்துளை வழியாகத்தான் வெளியேறுகிறது. காகிதம் ஊறிவிடும், பிளாஸ்டிக் கூம்பு தாங்கும். ஸ்பீக்கரைத் தாங்கும் வளையத்திலும் இதே கதைதான். தூள்மரப் பலகையில் அறுத்தால் சில மழைக்காலங்களில் உப்பிவிடும் என்று பிளாஸ்டிக் வளையம் போட்டார்.

உண்மையான வேலை, தகடு அதிராமல் இருக்க ஒட்டும் டேம்பிங் ஷீட்டில்தான் இருந்தது. ஆம்னியின் கதவுத் தகடு மெலிது. தட்டினால் தகர டப்பா போல் ஒலிக்கும். உள்தகட்டைத் துடைத்து, அலுமினியத் தாள் போர்த்திய பியூட்டைல் ரப்பர் ஷீட்டைத் துண்டு துண்டாக ஒட்டி, சிறு உருளையால் அழுத்தி உருட்டிக்கொண்டே போனார். காற்றுக்குமிழி ஒன்று தென்பட்டால் பிளேடால் கீறி மறுபடி அழுத்துவார். அடித்துளைகளை மட்டும் விரலால் தடவிப் பார்த்து விட்டுவைத்தார். முடிந்ததும் கதவைச் சாத்தினேன். ‘டங்’ என்ற சத்தம் போய் ‘தப்’ என்றது. ஸ்பீக்கர் பொருத்துவதற்கு முன்பே எனக்குப் பாதிப் பணம் வசூலாகிவிட்டது. கூரை ஒழுகலுக்கு ஒட்டும் தார் ஷீட் இதில் பாதி விலைக்குக் கிடைக்கும். மலையில் மட்டுமே ஓடும் வண்டிக்கு அது ஒருவேளை சரிப்படலாம்; மலையடிவாரத்துக் காட்ரோடு தாண்டி வெயிலில் நிறுத்தினால் தார் இளகி வாடை அடிக்கும். இருக்கைக்கு அடியில், என்ஜினுக்கு மேலேயும் ஏதாவது ஒட்டலாமே என்று கேட்டேன். சூட்டில் பற்றிக்கொள்ளாத பொருள் தன்னிடம் இல்லை என்று மறுத்துவிட்டார்.

புளூடூத், யூஎஸ்பி உள்ள, சிடி போடாத சாதாரண ஸ்டீரியோ 3,600, ஸ்பீக்கர் ஜோடி 2,100, ஷீட் 1,300, கூலி 700. ஆக 7,700 ரூபாய். ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றாமல் செருகிக் கழற்றும் கப்ளர் வைத்தே இணைத்தார். இணைத்த பிறகு சத்தத்தை இடதுக்கும் வலதுக்கும் மாற்றிப் பார்த்தார். ஒரு பக்கம் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் இரண்டும் சேர்ந்து பாடும்போது பேஸ் காணாமல் போய்விடுமாம். கடைசியாக ஸ்டீரியோவின் அமைப்பில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிச்சத்தத்தை வெட்டிவிட்டார். பேஸைக் குறைத்து விடுகிறாரே என்று நினைத்தேன். ஆனால் ஸ்பீக்கர் தன்னால் முடியாத அடிச்சத்தத்தோடு மல்லுக்கட்டாததால், பாடகியின் மூச்சு வாங்கும் இடம் கூடக் கேட்கிறது.

பண்பலை எடுக்க ஆன்டெனா ஒயரையும் மாற்றினார். கோடைப் பண்பலை இப்போது மலைப்பாதையில் டம்டம் பாறைத் திருப்பத்திலும் சுத்தமாக வருகிறது. நிலையம் அவ்வளவு உயரத்தில் இருக்கும்போது வராமல் போனால்தான் ஆச்சரியம்.

குறை இல்லாமல் இல்லை. விளக்குப் போட்டதும் ஸ்டீரியோ வெளிச்சம் தானே மங்குவதற்கென்று ஓர் ஒயர் உண்டு. அதை இணைக்காமல் விட்டுவிட்டார். மலைப்பாதையில் ஊத்து என்ற ஊருக்கு மேலே இரவு மூடுபனியில் அந்த நீல வெளிச்சம் முன்கண்ணாடியில் விழுந்து, எதிர் வண்டியோ என்று ஒரு நொடி பிரேக்கில் கால் வைக்க வைக்கிறது. இப்போதைக்கு அமைப்பில் போய்க் கையால் மங்கவைக்கிறேன். அடுத்த முறை போகும்போது கூலி கொடுக்காமல் இணைக்கச் சொல்வேன். பில்லும் கேட்டால்தான் எழுதுகிறார். உத்தரவாதத்துக்கு அது வேண்டும், விடாமல் கேளுங்கள். வேலைக்குப் பாதி நாள் பிடிக்கும். தகடு வெதுவெதுப்பாக இருந்தால் ஷீட் நன்றாகப் பிடிக்கும் என்பதால் காலைப் பனியோடு இறங்கி உடனே வண்டியைக் கொடுக்காதீர்கள். கொஞ்சம் வெயில் ஏறட்டும்.