காயலான் கடையா, எக்ஸ்சேஞ்சா, லாஃப்டா?

வீட்டில் ஒரு பொருள் பழசாகிவிட்டால் சென்னையில் அதற்குப் போக்கிடம் பல: தெருவில் வரும் பழைய பேப்பர்காரர், ஷோரூம் எக்ஸ்சேஞ்ச், ரிப்பேர் கடை, தெரிந்தவர் கை, லாஃப்ட். பெரும்பாலும் ஜெயிப்பது லாஃப்ட்தான். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மேலே ஏற்றிய டேபிள் ஃபேன், அடுத்த வீடு மாறும்போதுதான் கீழே இறங்கும். என் வரிசை வேறு. முதலில் ரிப்பேர், அடுத்து முழுசாக விற்பது அல்லது கொடுப்பது, எடைக்குப் போடுவது கடைசி.

பேப்பருக்கு மட்டும் இந்த வரிசை கிடையாது, அது எடைக்குத்தான். இங்கிலீஷ் பேப்பருக்குத் தமிழ் பேப்பரைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தருவார்கள். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் எல்லாமே குறைந்த ரேட்டில்தான் போகும். அட்டைப்பெட்டிக்குத் தனி விலை. தராசில் சந்தேகம் இருந்தால் சண்டை வேண்டாம். 2 லிட்டர் பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, "அண்ணே, முதல்ல இதைப் போடுங்க" என்று கொடுங்கள். 2 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்ட வேண்டும். ஒன்றரை காட்டினால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. அக்டோபரில் மழை பிடிப்பதற்குள் பேப்பர் கட்டை வெளியேற்றிவிடுவது நல்லது. நனைந்த பேப்பரை யாரும் சீந்த மாட்டார்கள்.

மிக்ஸி விஷயத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, ஜார் சுற்றவில்லை என்றால் ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளர் அநேகமாகத் தேய்ந்திருக்கும். ஜாரின் அடியில் கறுப்புத் தண்ணீர் கசிந்தால் பிளேடு சுற்றும் தண்டைத் தாங்கும் புஷ் போயிருக்கும். உள்ளே பொறி பறந்தால் கார்பன் பிரஷ். மூன்றுமே தெருமுனை மிக்ஸி கடையில் சின்னச் செலவில் முடிகிற வேலை. கருகின வாசனை வந்து நின்றுபோனால் மோட்டாரின் கம்பிச் சுருள் (காயில்) எரிந்திருக்கலாம். அப்போதுதான் கணக்குப் போட வேண்டும். பழைய இரும்புக்காரர் மிக்ஸியைக் கேட்பது அதன் அழகுக்காக இல்லை, மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிக்காக. குக்கரையும் அவசரப்பட்டுப் போட வேண்டாம். கேஸ்கெட், சேஃப்டி வால்வு, கைப்பிடி எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். அடிப்பாகம் உப்பிவிட்டால் மட்டும் யோசிக்காமல் அலுமினிய விலைக்குப் போட்டுவிடலாம்.

எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் 'பழசுக்கு 1,000 ரூபாய்' என்று போர்டு இருக்கும். கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எக்ஸ்சேஞ்ச் இல்லாம என்ன விலை?" 5,000 ரூபாய் என்று ஒட்டியிருக்கும் மிக்ஸியை எக்ஸ்சேஞ்ச் இல்லாமலே 4,200-க்குத் தருகிறார் என்றால், உங்கள் பழைய மிக்ஸிக்குக் கிடைத்தது 200 ரூபாய்தான். மீதி 800 எல்லோருக்கும் கிடைக்கும் தள்ளுபடி. நின்றுபோன மிக்ஸிக்கு 200 லாபம்தான். ஓடுகிற மிக்ஸி என்றால் நஷ்டம்.

ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா? அப்படியானால் எடைக்கும் வேண்டாம், எக்ஸ்சேஞ்சும் வேண்டாம். வேளச்சேரி, ஓஎம்ஆர் பக்கம் புதிதாக வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கும் பசங்களுக்கு முழு ஃப்ரிட்ஜாகவே கொடுத்துவிடலாம். கூடுதல் காசும் வரும். எடைக்குப் போனால், உடைத்துப் பிரிக்கும் இடத்தில் குழாயை வெட்டும்போது உள்ளே இருக்கும் கேஸ் அப்படியே காற்றில் கலந்துவிடும். பல ஃப்ரிட்ஜ்களில் இருக்கும் ஆர்-134ஏ வாயு, எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் சூடேற்றக்கூடியது.

துணிக்கு யாரும் பெரிய விலை தர மாட்டார்கள். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தரும் அம்மா வந்தால், ஒரு மூட்டைக்கு ஒரு சின்ன கிண்ணம் கிடைக்கும், அதற்கும் அரை மணி நேரம் பேரம். எனக்கு அந்தப் பேரம் பிடிக்கும் என்பது வேறு விஷயம். பருத்திப் புடவையும் லுங்கியும் கரித்துணியாக வீட்டிலேயே உழைப்பதுதான் அதிக லாபம். ஆனால் பட்டுப்புடவையைத் தப்பித்தவறியும் அந்த மூட்டையில் போட்டுவிடாதீர்கள். அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. அதற்கென்றே வாங்கும் கடைகளில் ஜரிகையைச் சோதித்து விலை சொல்வார்கள். இரண்டு மூன்று இடத்தில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மிச்சமிருப்பது பேட்டரி, பவர் பேங்க், ட்யூப் லைட், பழைய சார்ஜர். இவற்றுக்குக் காசு எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் குப்பையோடு குப்பையாகக் கட்டிப் போட்டால் அது கொடுங்கையூர் அல்லது பெருங்குடிக் குப்பைக் கிடங்குக்குப் போகும். பெருங்குடிக் கிடங்கை ஒட்டியே பள்ளிக்கரணை சதுப்புநிலம் இருக்கிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த அதே சதுப்புநிலம்தான். எல்இடி அல்லாத பழைய ரக ட்யூப் லைட்டில் பாதரசம் உண்டு, அதனால் உடைக்காமல் பழைய அட்டை உறையிலேயே போட்டு வையுங்கள். பேட்டரி முனைகளில் செல்லோடேப் ஒட்டி, தனிப் பையில் போட்டு, குப்பை வண்டியில் வருபவரிடம் இன்னது என்று சொல்லிக் கையில் கொடுங்கள்.