குரல் முதலா, படம் முதலா? அமெரிக்க, ஜப்பானிய அனிமேஷன் மரபுகள்
அமெரிக்க ஸ்டுடியோக்களில் குரலை முதலில் பதிவுசெய்து, அதற்கேற்ப உதட்டசைவையும் முகபாவத்தையும் வரைவது வழக்கம். ஜப்பானிலோ பெரும்பாலும் காட்சிகள் உருவான பிறகே குரல் சேர்க்கப்படுகிறது. அசைவிலும் இரு மரபுகளும் வேறுபடுகின்றன. டிஸ்னியின் தீவிர ரசிகரான ஜப்பானிய காமிக்ஸ் கலைஞர் ஒசாமு தெசுகா, 1963-இல் 'ஆஸ்ட்ரோ பாய்' தொடரை வாரந்தோறும் குறைந்த செலவில் தர வேண்டியிருந்ததால், டிஸ்னி படங்கள் நொடிக்கு 12 முதல் 24 ஓவியங்களைப் பயன்படுத்திய இடத்தில், எட்டோ அதற்கும் குறைவோ போதுமென அமைத்து, அசையாத ஓவியங்களையும் கேமரா நகர்வையும் கொண்டே கதையை நடத்தினார். அசைவின் செழுமையில் டிஸ்னி மரபே மேல். ஆனால் அமைதியான ஒரு காட்சியை நீட்டித்து நிறுத்தும் துணிவை ஜப்பானுக்குக் கொடுத்தது இந்தச் சிக்கனமே என்று உறுதியாக நம்புகிறேன். பின்னர் தாக்கம் எதிர்த்திசையிலும் பாய்ந்தது: ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' 2003-இல் ஆஸ்கர் வென்றது, 2005-இல் தொடங்கிய அமெரிக்கத் தொடரான 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' அனிமே எனும் ஜப்பானிய அனிமேஷன் பாணியை வெளிப்படையாகவே தழுவிக்கொண்டது.