மூலோபாயம் கற்பிக்க எது உதவும்: சம்பவக் கற்கையா, விளையாட்டா, கணினி மாதிரியா?

முகாமைத்துவ வகுப்புகளில் மூலோபாயம் என்றாலே சம்பவக் கற்கைதான். ஒரு நிறுவனத்தின் கதையைப் படித்து, வாதாடி, பரிந்துரை எழுதுவார்கள். கூச்சமின்றிப் பேசவும் துணிந்து முடிவெடுக்கவும் அது பழக்குகிறது. ஆனால் பரிந்துரை பிழையென்றால் காட்டித்தர அங்கே எதுவுமில்லை. நன்றாகப் பேசியவரே வென்றுவிடுகிறார்.

ஒரு பொருளின் விநியோகச் சங்கிலியை மாணவரே நடத்திப் பார்க்கும் பியர் விளையாட்டில் அப்படித் தப்ப முடியாது. ஜே ஃபாரஸ்டர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1956இல் தொடங்கிய தொகுதி இயக்கவியலின் வழியில் வந்தது அது; ஒரு தொகுதியின் பாகங்கள் காலப்போக்கில் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்று ஆராயும் துறை அது. சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என நால்வர். தங்களுக்குள் பேசக்கூடாது, ஓடர் சீட்டு மட்டும் கைமாறும். வாடிக்கையாளர் கேட்பது வாரத்துக்கு 4 பெட்டியிலிருந்து 8 ஆக ஒரே தடவைதான் உயர்கிறது. இருந்தும் சரக்கு வந்துசேரும் தாமதத்தால் பதறி ஆளாளுக்குக் கூட்டிக் கேட்க, தொழிற்சாலையில் ஓடர் மலையாகக் குவிந்து பிறகு சரிகிறது. பியருக்குப் பதில் பருப்பு மூட்டை என்று மாற்றினால், புறக்கோட்டை நான்காம் குறுக்குத்தெருவின் மொத்த வியாபாரத்தை அறிந்த கொழும்புப் பிள்ளைகளுக்கு இன்னும் உறைக்கும். ஆனால் விதிகளை வேறொருவர் வகுத்துவிட்டார்; மாணவர் அதற்குள் ஆடுகிறார், அவ்வளவே.

விதிகளைத் தாமே வகுக்க வைப்பது கணினி மாதிரிதான்: எது எதைக் கூட்டும், எது எதைக் குறைக்கும் என்று மாணவரே வரைந்து கணினியில் ஓட்டிப் பார்ப்பார்கள். கற்பதற்கு வென்சிம் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். இலங்கையின் 2022 எரிபொருள் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படைக் காரணம் டொலர் தட்டுப்பாடு, அதில் ஐயமில்லை. ஆனால் கார்த் தாங்கிகளும் ஒரு கையிருப்பு என்று மாணவர் வரைந்ததும் இன்னொன்று வெளிப்படும். சராசரியாக 15 லீற்றர் வைத்திருந்தவர்கள் பயத்தில் 30 லீற்றர் வைத்திருக்க விரும்புவதாகக் கொள்வோம். ஒரு இலட்சம் கார்களுக்கு 15 இலட்சம் லீற்றர் மேலதிகமாக வேண்டும், ஒருவரும் ஒரு கிலோமீற்றர்கூட மேலதிகமாக ஓடாமலே! வரிசை பயத்தைக் கூட்ட, பயம் வரிசையை நீட்டுகிறது. ஒரு வாகனத்துக்கு வாரத்துக்கு இவ்வளவுதான் என்று அவ்வாண்டு வந்த கியூஆர் ஒதுக்கீடு இந்தச் சுற்றில் எந்த இடத்தைத் தொட்டது என்று கேட்டுப்பாருங்கள். வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

இதற்கு நேரம் பிடிக்கும், விரிவுரையாளருக்கும் உழைப்பு அதிகம். அதற்காக முடித்த மாதிரியைக் கையில் கொடுத்துவிடக் கூடாது; பிள்ளைகள் பொத்தானை அழுத்திப் பார்ப்பதோடு நின்றுவிடுவார்கள்.

என் தெரிவு கணினி மாதிரிதான், முதல் வாரம் விளையாட்டோடு. சம்பவக் கற்கையைக் கைவிடத் தேவையில்லை. அதில் எழுதிய பரிந்துரையை மாதிரியில் ஓட்டிக் காட்டியபின் புள்ளியிடலாம். ஒரேயொரு பிற்பகல்தான் கிடைக்குமென்றால், தயங்காமல் விளையாட்டை எடுங்கள்.